சூடத் தட்டும் ஹைட்ரஜன் பலூனும்

வேதியியல் நடத்த வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நான் புத்திமதி சொல்கிற ஆள் இல்லை. வேலையில் இருந்தபோதே எனக்குக் கோபக்காரி டீச்சர் என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கோபத்தைக் காட்ட வீட்டில் சரியான ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் மாற்றம். உங்கள் கூட்டத்தில் பேச வாருங்கள் என்று முதலில் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் இவள் விடமாட்டாள் என்று யாரோ எச்சரித்திருக்க வேண்டும். எழுதியே கொடுத்துவிடுங்கள் மேடம் என்றார்கள். சரி, எழுதுகிறேன். எழுத்திலும் விடமாட்டேன்.

எதைப் பற்றி எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. ஹைட்ரஜன்தான். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியதில் என் ஈரக்குலையை நடுங்க வைத்தது அந்த ஒரு தனிமம்தான்.

வகுப்பில் தனிமங்களை ஊர்க்காரர்களை அறிமுகம் செய்வது போலத்தான் செய்வேன். நைட்ரஜன் வம்பு தும்புக்குப் போகாதவன். ஆக்சிஜன் தான் எரியமாட்டான், அடுத்தவனை எரிய வைப்பான். எந்த ஊரிலும் அப்படி ஒருவன் இருப்பான். ஹீலியம் யாரோடும் ஒட்டாத பெரிய இடத்து ஆள். சோடியம் தண்ணீரைக் கண்டால் தாம்தூம் என்று குதிப்பான், ஆனால் மண்ணெண்ணெய்க்குள் போட்டுவிட்டால் கட்டியாகக் கண்ணெதிரே கிடப்பான். ஹைட்ரஜனை மட்டும் எந்த வீட்டில் சேர்ப்பது என்றே தெரியாது. சோடியம் இருக்கும் வரிசையின் தலைமாட்டில் உட்கார வைத்திருக்கிறோம். ஆனால் அவன் உலோகம் இல்லை. குளோரின் வரிசையில் வைக்கலாமே என்றால் அங்கேயும் முழுசாகப் பொருந்தமாட்டான். எல்லாரிலும் சின்னவன், எல்லாரிலும் லேசானவன். குளோரினுக்கு நெடி உண்டு, நிறம் உண்டு. சமையல் வாயு கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். இவன் பக்கத்தில் வந்து நின்றாலும் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

இதையெல்லாம் நான் அழகாக நடத்துவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரீட்சையில் எழுதுவார்கள், நானும் சிவப்பு மையால் சரி போடுவேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எண்பதுகளின் நடுவில், பென்னாகரம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருந்தேன். ப்ளஸ் டூ வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அறிவியல் பிரிவில் பெண் பிள்ளைகள் ஐந்தே பேர். அந்த ஐந்து பேரில் காவேரி என்று ஒருத்தி. ஏரியூர் தாண்டி ஒரு சின்ன ஊர். அவள் ஊரிலிருந்து பத்தாவதுக்கு மேலே படிக்க வந்த முதல் பெண் அவள்தான். அதுவும் தானாக வரவில்லை. பத்தாவதில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு, நான் பஸ் ஏறிப் போய், பஸ் நின்ற இடத்திலிருந்து வெயிலில் நடந்து, அவள் அப்பா மாதப்பனிடம் மன்றாடிக் கூட்டிவந்த பிள்ளை.

மாதப்பன் ஆடும் கொஞ்சம் நிலமும் வைத்திருந்தவர். பேச்சு குறைவு. நான் பேசி முடிக்கும் வரை கயிறு திரித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் சொன்னார்:

"டீச்சரு, பொட்டப் புள்ளைய இவ்ளோ தூரம் பஸ்ஸுல அனுப்பறன்னு ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க. பரவால்ல, ஒங்க மொகத்துக்காவ அனுப்பறன். ஆனா ஏதாச்சும் ஒரு கெட்டது நடந்துச்சுன்னு வெச்சுக்கங்க, அன்னிக்கே நிறுத்திப்புடுவன். அப்பறம் நீங்க வந்து ஒண்ணும் கேக்கக் கூடாதுங்க."

நான் கேட்கமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு பிள்ளையைக் கூட்டிவர எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டுவேன் நான்.

அந்த வருஷம் எங்களுக்குப் புதிதாக அறிவியல் கட்டடம் கட்டி முடித்தார்கள். மூன்று ஆய்வகம், இரண்டு வகுப்பறை, கடைசியில் தராசு வைக்க ஒரு சின்ன அறை. திறந்து வைக்க மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் எங்கள் ஹெச்.எம்.முக்குக் காலே தரையில் பாவவில்லை. நல்ல மனுஷர், வரலாறு படித்தவர். அதிகாரி நாடாவை வெட்டியதும் கலர் கலராக வாயு பலூன்கள் வானத்தில் பறக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. தர்மபுரியிலிருந்து பலூன் பாயை வரவழைத்தார். ஊர்த் திருவிழாக்களில் சிலிண்டரை வைத்துப் பலூன் அடைத்து விற்பவர் அவர். ஹைட்ரஜன்தான் அடைப்பார். அந்தக் காலத்தில் இங்கே ஹீலியத்துக்கு யார் போவது?

முதல் நாள் எனக்குத் தர்மபுரியில் ஒரு பயிற்சி. அதனால் பள்ளியில் என்ன நடந்தது என்று தெரியாது. விழா அன்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், வாசலில் மாவிலைத் தோரணம், அதற்கு நடுவில் பையன்கள் முந்தின நாள் வாயால் ஊதிக் கட்டிய பலூன்கள். வேப்ப மரத்தடியில் ஹெச்.எம்.முக்கும் பாய்க்கும் ஒரே சண்டை. ஹெச்.எம். கையில் ஒரு வாடிய பலூன்.

"நேத்து சாயங்காலம் அத்தனையும் கும்முன்னு மேல நின்னுச்சு. இப்பப் பாருய்யா, கெழவன் கன்னமாட்டம் தொங்குது! என்ன காத்துய்யா அடைச்ச?"

"அல்லா மேல ஆணையாச் சொல்றங்க சார். எல்லாத் திருநாளுக்கும் அடைக்கிற அதே காத்துதான். காலையில வந்து அடைச்சுத் தர்றன்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டனுங்க. நீங்கதான் ஆபீசரு சீக்கிரம் வந்துருவாரு, இன்னிக்கே அடைன்னீங்க."

"நான் சொன்னா? ஒரு ராத்திரி தாங்காத காத்து ஒரு காத்தா? ஏமாத்து வேலை!"

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. ஏமாற்றுக்காரன் என்ற பேச்சைக் கேட்டு அவர் கண்ணில் நீரே கட்டிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. நடுவில் போய் நின்றேன்.

"சார், பாய் ஒண்ணும் ஏமாத்தலை. ஹைட்ரஜன் ரப்பருக்குள்ள நிக்காது. கசிஞ்சு கசிஞ்சு வெளிய வந்துடும்."

"அப்படின்னா வாசல்ல தொங்குதே, அதுவும் ரப்பர்தானே? நேத்து கட்டினது, இன்னும் கல்லாட்டம் இருக்கே?"

"அது நம்ம பசங்க வாயால ஊதினது சார். அதுல பெரும்பாலும் நைட்ரஜன். கொஞ்சம் ஆக்சிஜன். அவங்க ஹைட்ரஜனுக்கு முன்னால பெரிய ஆளுங்க. மெதுவாத்தான் வெளிய வருவாங்க. ஹைட்ரஜன் பொடியன். கண்ணுக்குத் தெரியாத சந்துல எல்லாம் பூந்து ஓடிடுவான்."

"ஓடிப்போயி?"

"எங்க போவான்? மேல பறந்து போயிட்டான்" என்று சிரித்தேன்.

பாய் என்னைக் கும்பிட்டார். ஹெச்.எம்.மும் கொஞ்சம் இறங்கிவந்தார். அதற்குள் வாசலில் ஜீப் சத்தம், நாதஸ்வரம், மேளம். ஹெச்.எம். வாடிய பலூனைப் பாய் கையில் திணித்துவிட்டு ஓடினார். நான் வரவேற்பு மேஜைக்குப் போனேன். சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு எல்லாம் வைத்த பித்தளைத் தாம்பாளம் என் பொறுப்பு.

அதிகாரி வந்தார், நாடாவை வெட்டினார், எல்லாரும் கை தட்டினோம். எங்கள் பக்கத்தில் புதுக் கட்டடம் என்றால், அது அரசாங்கக் கட்டடமாகவே இருந்தாலும், நாடா வெட்டியதோடு முடியாது. ஒரு சுமங்கலி சூடம் ஏற்றிய தட்டோடு முன்னால் போவாள். ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து, நிலைப்படிக்கு மேலே தூக்கிச் சுற்றிக் காட்டிவிட்டு, உள்ளே போய் நாலு மூலைக்கும் காட்டுவாள். பின்னால் பெண் பிள்ளைகள் பாடிக்கொண்டே போவார்கள். அன்றைக்குத் தட்டு ஹெச்.எம். வீட்டம்மா கையில். பின்னால் என் ஐந்து பிள்ளைகள், எல்லாரும் நைலான் தாவணி. காவேரிக்குக் குரல் நன்றாக இருக்கும் என்பதால் அவள் முதல் ஆள், தட்டுக்கு ஒட்டினாற்போல். அவளுக்குப் பின்னால் அதிகாரி, ஹெச்.எம்., ஊர்ப் பெரிய மனுஷர்கள். கூட்டத்துக்கு வெளியே, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாதப்பன். பொண்ணு பாடுகிறாள் என்று கேட்டு ஏரியூர் பஸ்ஸில் வந்திருந்தார்.

நான் தாம்பாளத்தைக் கையில் ஏந்தியபடி மேஜை அருகிலேயே நின்றேன். பாய் வந்து பக்கத்தில் நின்றார். பேச்சுக்குப் பேச்சாகத்தான் கேட்டேன்:

"ராத்திரி பலூனையெல்லாம் எங்க பாய் கட்டி வெச்சீங்க? மரத்துலயா?"

"மரத்துல குச்சி குத்திப் பூடும்னு சாரு வேணாம்னுட்டாருங்க. அதோ, கடசியில இருக்குதுல்ல சின்ன ரூமு, அதுல வுட்டு கதவச் சாத்தி வெச்சோம். ரூமு கொள்ளாம ரொம்பிக்கிச்சுங்க."

தம்பி தங்கைகளே, அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மேலே பறந்து போய்விட்டான் என்று சிரித்தேனே, எங்கே போயிருப்பான்? தராசு அறை. காற்றில் தராசு ஆடக்கூடாது என்று நான்தான் அதற்கு ஜன்னலை இறுக்கமாக வைக்கச் சொல்லியிருந்தேன். மேலே காற்று போகும் துவாரத்தைச் சுண்ணாம்பு அடிக்கும்போது பலகை வைத்து அடைத்தவர்கள் இன்னும் எடுக்கவில்லை. புதுக் கதவு, சந்து பொந்து இல்லாமல் நெருங்கிச் சாத்தும். அத்தனை பலூனிலிருந்தும் கசிந்த ஹைட்ரஜன் அந்தக் கூரைக்கடியில்தான் நிற்கிறது. காற்றோடு கலந்து நிற்கிறது. ஒரு தீப்பொறிக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. மிச்சம் பலூனுக்குள்ளேயே இருக்கிறது.

சூடத் தட்டு அப்போது வகுப்பறையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அடுத்தது தராசு அறை.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். கத்தினேன் என்று நினைத்துக்கொண்டேன். நாதஸ்வரத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடினேன். கையில் தாம்பாளம் இருந்ததுகூட நினைவில்லை, கல்கண்டும் சந்தனமும் சிதறிக்கொண்டே வந்தன. ஓடும்போதே மண்டைக்குள் ஒரு கணக்கு. சூடத்தை எப்படி அணைப்பது? ஊதினால் அணையாது. தண்ணீர் ஊற்றினால் சூடம் மிதந்துகொண்டே எரியும், கோயில் குளத்தில் பார்த்திருப்பீர்கள். தட்டைத் தட்டிவிட்டால் எரிகிற சூடம் பிள்ளைகள் தாவணியில் விழும். அப்படியானால் ஒரே வழி, ஆக்சிஜனை வெட்ட வேண்டும்.

பியூன் பூட்டைத் திறந்து கொண்டிக்குக் கை நீட்டிவிட்டான். ஹெச்.எம். வீட்டம்மா தட்டைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், அந்தத் தட்டைப் பிடித்துக் கீழே இழுத்து, என் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் அமுக்கினேன்.

சூடம் அணைந்தது.

பாட்டு நின்றது. நாதஸ்வரக்காரர் பார்த்துவிட்டு அவரும் நிறுத்தினார். எல்லார் முகமும் பேயறைந்தது போல ஆகிவிட்டது. மங்கள காரியத்தில் சூடம் தானாக அணைந்தாலே மனசு பதறும். இங்கே ஒருத்தி பாய்ந்து வந்து அமுக்கி அணைத்திருக்கிறாள்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட!" என்று ஹெச்.எம். வீட்டம்மா அலறினார். உடனே, "தீப்பெட்டி, தீப்பெட்டி குடுங்க யாராச்சும்! சீக்கிரம் ஏத்துங்க!"

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். நாலு பேர் சட்டைப்பைக்குள் கை விட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் குச்சியை எடுத்து உரசவே போய்விட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியதில் தீப்பெட்டி கீழே விழுந்து குச்சிகள் சிதறின.

"யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது! கதவைத் தொடக் கூடாது! சுவிட்சைத் தொடக் கூடாது! உள்ளே பூரா வாயு. பொறி பட்டா வெடிக்கும். பிள்ளைங்களைக் கூட்டிட்டு மைதானத்துக்குப் போங்க!"

ஹெச்.எம். என்னைப் பார்த்த பார்வை! "டீச்சர், பலூன்ல காத்தே இல்லைன்னுதானே காலையிலேருந்து அந்தாளுகூட மல்லுக்கட்டறேன்? இப்ப வந்து காத்து இருக்குங்கறீங்க?"

"காத்து பலூன்ல இல்லை சார். ரூம்ல இருக்கு."

வரலாற்று ஆசிரியர்தான், ஆனால் மூளைக்காரர். காலையில் நான் சொன்னது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போனது. மறு பேச்சில்லாமல் அதிகாரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். எல்லாரும் தூரப் போன பிறகு கதவை நானே மெதுவாகத் திறந்து, செருப்பாணி உரசிப் பொறி வந்துவிடக் கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பாதிப் பலூன் இடுப்பு உயரத்தில் தொங்கியது, பாதி கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த வாசனையும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. வெறும் அறை போலத்தான் இருந்தது; அதுதான் பயங்கரம். ஜன்னல்களைத் திறந்தேன். ஒட்டடைக் கழியால் துவாரத்துப் பலகையை வெளியே தள்ளினேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து விழா நடந்தது. பேச்செல்லாம் பேசினார்கள். அதிகாரி இளநீர் குடித்துவிட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜீப் ஏறினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது கட்டாயம் வெடித்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எவ்வளவு கசிந்தது, எவ்வளவு காற்றில் கலந்தது என்று அளந்து பார்க்க எனக்கு ஏது நேரம்? வெடிக்கலாம் என்பது போதுமாக இருந்தது. ஆனால் வெடிக்காத ஒன்றுக்கு ஊரில் ஒரு மரியாதையும் கிடையாது. வெடித்திருந்தால் ஆளாளுக்கு அழுதிருப்பார்கள். வெடிக்காததால் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். "எரியற சூடத்தை அமுக்கின கை வெளங்குமா?" என்று சத்துணவு அம்மா சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஹெச்.எம். வீட்டம்மா என்னிடம் பேசவே இல்லை.

அதெல்லாம் போகட்டும் என்று நான் விட்டிருப்பேன். பந்தி நடந்துகொண்டிருந்தபோது மாதப்பன் வந்தார். தோளில் காவேரியின் புத்தகப் பை. பின்னால் காவேரி, அழுது அழுது கண் வீங்கி.

"டீச்சரு, டி.சி. குடுத்துருங்க."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. "எதுக்குங்க?"

"எம் பொண்ணு பாடிக்கினு போவும்போது சூடம் அணைஞ்சுது. அணைச்சது நீங்க. ஊரே பாத்துச்சு. எங்க ஊர்க்காரனுங்க நாலு பேரு வந்துக்கறானுங்க. நான் வூட்டுக்குப் போறதுக்கு முன்னால சேதி போயிருக்கும். கெட்டது நடந்தா நிறுத்திருவேன்னு அன்னிக்கே சொன்னங்களே. நீங்களும் தலையாட்டுனீங்க."

"கெட்டது நடக்கலீங்க! நடக்கப் போனதை நிறுத்தியிருக்கேன்! உங்க பொண்ணுதான் முதல் ஆளா நின்னுது, தெரியுமா?" குரல் உயர்ந்துவிட்டது எனக்கு. உயிரைக் காப்பாற்றிவிட்டுப் படிப்பைப் பறிகொடுப்பதா? நெஞ்சு பற்றி எரிந்தது.

"வெறும் ரூமுங்க அது. நானும் எட்டிப் பாத்தன். வாடுன பலூனத் தவர ஒண்ணும் இல்ல" என்றார் மாதப்பன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணுக்கும் தெரியாமல் மூக்கிலும் ஏறாமல் ஒன்று அங்கே நின்றது என்றால் யார் நம்புவார்கள்? பேசிப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்தது. "டி.சி. தரச் சொல்றேன். அதுக்கு முன்னால என்கூட மைதானத்துக்கு வாங்க. அதுக்கப்புறமும் வேணும்னு சொன்னா நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றேன்.

வந்தார். பாயையும் கூப்பிட்டேன். ஆளே இல்லாத நட்ட நடு மைதானத்தில் இரண்டு கம்பு ஊன்றச் செய்தேன். ஒன்றில், வாசலில் தொங்கிய வாயால் ஊதிய பலூன். இன்னொன்றில், தராசு அறையிலிருந்து எடுத்த வாடிய பலூன். ஒரு நீள மூங்கில் நுனியில் துணியைச் சுற்றிப் பற்ற வைத்து, எல்லாரையும் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, முதலில் வாய் பலூனைத் தொட்டேன். பட்டென்று உடைந்தது. ரப்பர் துண்டு கீழே விழுந்தது. அவ்வளவுதான்.

அடுத்து வாடிய பலூன். மூங்கில் கிட்டப் போனதும் படார் என்று ஒரு சத்தம். மஞ்சளாக ஒரு நெருப்பு உருண்டை எழுந்து அடங்கியது. வேப்ப மரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து ஓடிவந்தார்கள்.

முதலில் பேசியது பாய்தான். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "யா அல்லா! வெட்டவெளியிலதாங்க இத்தன வருசமும் அடைச்சேன். மீந்து போற பலூன வூட்டுல அடுப்பங்கரக் கூரையிலதாங்க வுட்டு வெப்பேன்... எம் பொஞ்சாதி அதுக்கடியிலதான சோறாக்குது!" சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் குந்திவிட்டார்.

மாதப்பன் அந்தக் கம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பலூன் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"இந்த மாதிரி எத்தினி இருந்துச்சுங்க அந்த ரூமுல?"

"ரூம் கொள்ளாம" என்றேன்.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். கை நீட்டி அவள் தலையைத் தொட்டார். தாவணி நுனியை எடுத்துப் பார்த்தார், அந்த நைலான் துணியை விரலால் தடவினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம் அவர் மெதுவாகக் கேட்டார்: "இந்தக் காத்தப் பத்தி எம் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துக்கறீங்களா?"

"சொல்லிக் கொடுக்காம?" என்றேன் பெருமையாக. "காவேரி, சொல்லும்மா அப்பாவுக்கு. ஹைட்ரஜனின் பண்புகள்."

காவேரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு தப்பில்லாமல் சொன்னாள்: "ஹைட்ரஜன் நிறமற்ற, மணமற்ற வாயு. எல்லாத் தனிமங்களிலும் மிக லேசானது. மற்ற வாயுக்களைவிட வேகமாக ஊடுருவிப் பரவும். காற்றுடன் கலந்து நெருப்புப் பட்டால் வெடிக்கும்."

மாதப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "இத்தினியும் ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"தெரியும்ப்பா. காலாண்டுல முழு மார்க்கு."

"ரூமுல பலூனு அடைச்சு வெச்சுக்கறது?"

"அதுவும் தெரியும். நாங்கதான் நேத்து உள்ள கொண்டுபோயி வுட்டோம்."

"தெரிஞ்சுமா அந்தச் சூடத்துக்குப் பின்னால பாடிக்கினு போன?"

காவேரி அவரை ஏறிட்டுப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில், "அது பரீச்சைக்குன்னு நெனச்சன்ப்பா" என்றாள்.

தம்பி தங்கைகளே, காலையில் தராசு அறை என்று கேட்டபோது எனக்கு உண்டான அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அப்போதாவது ஓட முடிந்தது. இப்போது எங்கே ஓடுவது? சிரிக்கச் சிரிக்க நடத்தினேன், சிவப்பு மையால் சரி போட்டேன், அந்தப் பிள்ளை என் பாடத்தை அப்படியே மனசுக்குள் வைத்துக்கொண்டு, எரிகிற சூடத்துக்குப் பின்னால் பாடிக்கொண்டு போயிருக்கிறது. அவர் டி.சி. கேட்டால் இப்போது என்ன சொல்லி மறுப்பேன்?

மாதப்பன் புத்தகப் பையைத் தோளிலிருந்து எடுத்தார். காவேரி கையில் கொடுத்தார்.

"டி.சி. வேணாங்க டீச்சரு" என்றார். "இவ படிச்சது பத்தல. இன்னும் படிக்கட்டும்."